சின்ன கேஸில் வாட்டர் கூலிங்: சூடு எங்கே சிக்குகிறது என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்க

பத்து முதல் இருபது லிட்டர் வரையான ஒரு மினி-ஐடிஎக்ஸ் கேஸ் (மிகச் சின்ன மதர்போர்டுக்கானது), அதில் 240 மி.மீ. ரேடியேட்டர் உள்ள ஏஐஓ (பம்ப், குழாய், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றாகப் பூட்டி வரும் வாட்டர் கூலர்), இரண்டு மூன்று ஸ்லாட் பருமனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. இந்த அமைப்பில் சூடு ஏறினால் முதலில் திட்டு வாங்குவது கூலர்தான். பெரும்பாலும் அதன் மேல் தப்பிருக்காது. தண்ணீர் சூட்டை ரேடியேட்டர் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அங்கிருந்து அதைக் கேஸுக்கு வெளியே தள்ளுவது காற்றின் வேலை. சின்ன கேஸில் வெளியே போன காற்றே சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே வரும். ஒரு பாகம் விட்ட சூட்டை அடுத்த பாகம் இழுத்துக்கொள்ளும். கீழே உள்ள அறிகுறிகளில் பல இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். அப்படி முடியாதவற்றை முதலிலேயே பிரித்துவிட்டால் வேண்டாத ஃபேன் செலவு மிச்சம்.

அளக்காமல் தொடங்க வேண்டாம்

இணையத்தில் பார்க்கும் ரிவ்யூக்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. ஏர்கான் போடாத சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறை பிற்பகலில் 30, 31 டிகிரியில் நிற்கும். அங்கே 72 காட்டிய சிபியு இங்கே 81 காட்டினால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அறை 9 டிகிரி கூட, அதனால் சிபியுவும் 9 டிகிரி கூட. எனவே அறைக்கும் பாகத்துக்கும் இடையே எத்தனை டிகிரி என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை, கேஸ் காற்றை இழுக்கும் பக்கத்தில், பேனலிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஏர்கான் ரிமோட்டில் தெரியும் எண் நீங்கள் கேட்ட குளிர். அறையில் இருக்கும் குளிர் வேறு. எல்லாப் பேனலையும் மூடி, சிபியுவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒருசேர லோடு கொடுத்து 30 நிமிடம் ஓட விடுங்கள். அதற்குக் குறைந்தால் தண்ணீர் அதன் உச்ச சூட்டை எட்டியிராது. ஐந்து நிமிட சோதனையில் எல்லாக் கூலரும் நல்ல கூலர்தான்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் சிபியு வெப்பநிலை, அது இழுக்கும் வாட், தண்ணீரின் வெப்பநிலை (சென்சார் இருந்தால்), ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்), அதன் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி), பம்ப் வேகம், ஃபேன் வேகம், எஸ்எஸ்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டை விட்டுவிட்டு டிகிரியை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த மாதம் அந்தக் குறிப்பு எதற்கும் ஆகாது. 88 வாட்டில் 75 டிகிரி வேறு, 140 வாட்டில் 75 டிகிரி வேறு.

இன்னொன்று: கதவைச் சாத்திய சின்ன அறையில் 400 வாட் கணினி அறையையே சூடாக்கிவிடும். தொடங்கும்போது 29 காட்டிய தெர்மாமீட்டர் முடியும்போது 31 காட்டலாம். கடைசியில் காட்டும் எண்ணைத்தான் கழிக்க வேண்டும்.

லோடு கொடுத்த சில நொடிகளிலேயே 90ஐத் தாண்டுகிறது

இது காற்றோட்டக் கோளாறு அல்ல. ஃபேன் பக்கம் போக வேண்டாம். உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு லோடைச் சட்டென்று நிறுத்தி, சிபியு எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். மூன்று நான்கு நொடியில் 92இலிருந்து 48க்கு விழுந்தால் தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏதோ தடுக்கிறது. 65 வரை விழுந்து, அங்கிருந்து நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் தண்ணீரே சூடேறிக் கிடக்கிறது. அப்படியென்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

முதல் வகை என்றால் சிபியுவின் மேல் உட்காரும் பம்ப் பிளாக்கைக் கழற்றிப் பாருங்கள். அடியில் இருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருப்பது கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடக்கிறது. சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சிப்பின் மேல் எல்லா மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் கட்டியாகவும் இருந்தால் ஸ்க்ரூக்களைச் சமமாக முறுக்கவில்லை. எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஐடிஎக்ஸ் போர்டில் இன்னொரு தொல்லை: விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க் சாக்கெட்டை ஒட்டியே உயர்ந்து நிற்கும். பிளாக்கின் பிளாஸ்டிக் மூடி அதில் இடித்துக்கொண்டு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

சூடு நொடிகளில் ஏறி, இறங்குவது மட்டும் மெதுவாக இருந்து, ரேடியேட்டரும் தொட்டால் குளிர்ந்தே இருந்தால் பம்ப் ஓடவில்லை, அல்லது தண்ணீர் சுற்றவில்லை. பயாஸில் பம்ப் வேகம் பூஜ்யமா என்று பாருங்கள். பம்ப் வயரை ஃபேன் ஹெடரில் (போர்டில் ஃபேன் வயர் சொருகும் இடம்) சொருகி, அந்த ஹெடர் சைலன்ட் கர்வில் (சத்தம் குறைக்கும் வேக அமைப்பு) பாதி மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருப்பதே வழக்கமான காரணம். பம்புக்கென்று உள்ள ஹெடரில் சொருகி முழு வேகத்தில் விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 95இல் நிற்கிறதென்றால் அது சிப்பின் குணமாக இருக்கலாம். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைகள் 95 டிகிரி வரை தாமாகவே ஏறி, அங்கே நின்றபடி முடிந்த வேகத்தை எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 7950எக்ஸ் சாக்கெட்டில் 230 வாட் வரை இழுக்கும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறைகளின் எல்லை 100 டிகிரி. 7800எக்ஸ்3டிக்கு அது 89தான். பத்து லிட்டர் கேஸில் 230 வாட்டோடு மல்லுக்கட்டுவதைவிட பயாஸில் ஈக்கோ மோடை (சிப் இழுக்கும் வாட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போடுவது புத்திசாலித்தனம். 65 வாட் ஈக்கோ மோடில் சிப் 88 வாட்டோடு நின்றுவிடும். கேம் ஆடுபவருக்கு வித்தியாசம் தெரியாது, வீடியோ ரெண்டர் செய்பவருக்குத் தெரியும்.

பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது, பிறகு ஏறிக்கொண்டே போகிறது

தண்ணீர்க் குளிர்ச்சியில் காற்றோட்டக் கோளாறு இப்படித்தான் வெளிப்படும். தண்ணீர் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும், அதனால் தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். 20ஆவது நிமிடத்தில் வண்டவாளம் வெளியே வரும்.

தண்ணீர் சென்சார் இருந்தால் வேலை சுலபம். முழு லோடில் தண்ணீர் அறையைவிட 10 முதல் 15 டிகிரி கூட இருந்தால் சின்ன கேஸுக்கு அது நல்ல நிலை. 20ஐத் தாண்டினால் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை, அல்லது கிடைப்பது சூடான காற்று. பெரும்பாலான ஏஐஓக்களில் தண்ணீர் 60 டிகிரியைத் தொடக்கூடாது. 30 டிகிரி அறையில் அந்த எல்லை அவ்வளவு தூரத்தில் இல்லை.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். நம் ஊர்க் காற்றில் 100 வாட் சூட்டை 10 டிகிரி உயர்வோடு வெளியேற்ற மணிக்கு ஏறத்தாழ 31 கன மீட்டர் காற்று வேண்டும். சிபியு 120, கார்டு 220, மற்றவை 40 என்று 380 வாட் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 118 கன மீட்டர். ஆர்க்டிக் பி12 போன்ற 120 மி.மீ. ஃபேன் ஒன்றே மணிக்கு 95 கன மீட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது முன்னும் பின்னும் எதுவுமே இல்லாத திறந்தவெளிக் கணக்கு. ரேடியேட்டர், மெஷ், தூசி வடிகட்டி மூன்றையும் தாண்டி, சத்தம் தாங்கும் வேகத்தில் ஓட்டினால் அதில் பாதி வந்தாலே நல்லது. இரண்டு ஃபேனும் சேர்ந்து தேவையை ஒட்டி ஒட்டித்தான் நிற்கின்றன. இந்த நிலையில் எங்காவது 20 சதவீதம் கசிந்தாலும் தண்ணீரில் உடனே தெரிந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஃபேனின் திசை. நான்கு கம்பிக்கால்கள் மோட்டாரைத் தாங்கி நிற்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். இரண்டு ஃபேனும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று டிஷ்யூ தாளை வைத்துச் சோதியுங்கள். ஒன்று இழுத்து ஒன்று தள்ளினால் ரேடியேட்டரின் வாசலிலேயே காற்று வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

ஃபேனின் பருமன். இடம் போதவில்லை என்று 15 மி.மீ. மெல்லிய ஃபேனைப் போட்டால் அழுத்தம் குறையும். நாக்டுவாவின் 25 மி.மீ. என்எஃப்-ஏ12எக்ஸ்25 நீர்க்கம்பக் கணக்கில் 2.34 மி.மீ. அழுத்தம் தரும், 15 மி.மீ. என்எஃப்-ஏ12எக்ஸ்15 தருவது 1.53. காற்று ரேடியேட்டரின் துடுப்புகளுக்குள் நுழைய அந்த அழுத்தம்தான் வேண்டும். கேஸ் வாங்கும் முன்பே கூட்டிப் பாருங்கள். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52. லியான் லி ஏ4-எச்2ஓ கேஸின் 55 மி.மீ. இடத்தில் இது அடங்கும். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசரின் 38 மி.மீ. ரேடியேட்டர் ஃபேனோடு 63 மி.மீ. ஆகிவிடும், அங்கே நுழையாது.

அடுத்தது சுழற்சி. பலரும் தவறவிடுவது இதைத்தான். ரேடியேட்டர் மேலே இருந்து காற்றை வெளியே தள்ளுகிறது என்று வையுங்கள். அதன் இரு முனைகளிலும் கேஸ் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். ஃபேன்கள் காற்றை வெளியே இழுப்பதால் கேஸுக்குள் அழுத்தம் குறைகிறது. எங்கே ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்கும். மிக அருகில் இருக்கும் ஓட்டை அந்த இடைவெளி, அங்கே நிற்பதோ இப்போதுதான் வெளியேறிய சூடான காற்று. அதே காற்று மறுபடி உள்ளே, மறுபடி ரேடியேட்டருக்குள்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒரு ஊதுபத்தியை ஏற்றி ரேடியேட்டரின் ஓரத்தில், பேனலுக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். அறை விசிறியையும் ஏர்கானையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. புகை நேராக மேலே பறந்தால் நல்லது. நடுவில் மேலே பறந்து, ஓரத்தில் கீழே வளைந்து மெஷ்ஷுக்குள் இறங்கினால் அங்கேதான் சுழற்சி. அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்க வேண்டாம், சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து மலிவானது. கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப், 3 முதல் 5 மி.மீ. பருமன், அழுத்தினால் மீண்டு எழும் வகை, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ரேடியேட்டர் முனைகளுக்கும் கேஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அடைத்துவிடுங்கள். ரப்பர் குழாய் வளையும் இடத்தில் டேப் அழுத்தக்கூடாது. பவர் சப்ளையின் வாயையும் மூடிவிடாதீர்கள். மின்சாரம் கட்டும் கறுப்பு டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி வழியும்.

கேஸுக்கு வெளியேயும் இதே சுழற்சி நடக்கும். படிப்பு மேசையின் கீழ் அறையில் கணினியைத் தள்ளி வைத்துவிட்டு, மேலே பலகை, இரு பக்கமும் பலகை, பின்னால் சுவர் என்று விட்டால் அந்த அறையே இரண்டாவது கேஸ் ஆகிவிடும். மேலே காற்று விடும் கேஸ் என்றால் மேல்பக்கத்தில் இரண்டு சாண் திறந்திருக்கட்டும். ஸ்டாண்டு விசிறியை கேஸ் மீது திருப்பி வைத்தால் குளிரும் என்று நினைப்பவர்கள் உண்டு. காற்று இழுக்கும் பக்கத்தில் பட்டால் உதவும், விடும் பக்கத்தில் பட்டால் வெளியே வந்த சூட்டைத் திருப்பி உள்ளே தள்ளும்.

சிபியு சோதனையில் சரி, கேம் ஆடினால் மட்டும் சிபியு சூடு

கேம் ஆடும்போது சிபியு இழுக்கும் வாட், சிபியுவை முழுதாக ஓட்டும் சினிபெஞ்ச் சோதனையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் சூடு கூடுகிறதென்றால் ரேடியேட்டர் இழுப்பது கிராபிக்ஸ் கார்டு விட்ட காற்றை. மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் போடுங்கள்: 220 வாட் கார்டு, கேஸ் வழியே மணிக்கு 60 கன மீட்டர் காற்று என்றால் காற்றின் சூடு 11 டிகிரி ஏறும். அறை 30 என்றால் ரேடியேட்டருக்கு வருவது 41 டிகிரிக் காற்று. கூலரை மாற்றினாலும் இந்த 11 டிகிரி போகாது.

வழிகள் இரண்டு. ரேடியேட்டரை உள்ளிழுக்கும் பக்கமாகத் திருப்பலாம். அப்போது அதற்கு எப்போதும் அறைக் காற்றே கிடைக்கும், சிபியு குளிரும். ரேடியேட்டர் விடும் சூடு கார்டுக்குப் போகும். அல்லது கார்டின் காற்றைத் தனி வழியில் வெளியேற்றலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கேஸைப் பொறுத்தது.

கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற கேஸில் பக்கவாட்டு பிராக்கெட்டில் 240 ரேடியேட்டரை மாட்டி உள்ளே இழுக்கச் செய்து, மேலே இரண்டு 120 மி.மீ. ஃபேனை வெளியே விடச் செய்வது நல்ல அமைப்பு. சூடு தானாகவே மேலே போகும், அதற்கு மேலே வழியும் இருக்கும். கார்டு கீழிருந்து காற்றை எடுக்கும். மேல் ஃபேன் இல்லாமல் பக்க ரேடியேட்டரை மட்டும் இழுக்கவிட்டால் உள்ளே சூடு நிரம்பும். அடுத்த வாரம் கார்டு சூடாகிறது என்று கவலைப்பட வேண்டியிருக்கும்.

ஏ4-எச்2ஓ போல மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், ரேடியேட்டர் மேலே என்று அமைந்த கேஸில் மேலிருந்து வெளியே விடுவதே சரி. திருப்பி உள்ளே இழுக்க வைத்தால் இரண்டு அறைகளுக்கும் சூடான காற்று இறங்கும், அது வெளியேற ஃபேன் எதுவும் இருக்காது. இந்தக் கேஸில் சிபியு கேமில் ஐந்தாறு டிகிரி ஏறுவதை ஏற்றுக்கொண்டுவிடலாம். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். வேகம் சில சதவீதம்தான் குறையும், 220 வாட் 176 ஆகும், ரேடியேட்டரின் சுமையும் சேர்ந்து குறையும். சின்ன கேஸில் இதைவிடப் பலன் தரும் இலவச வேலை எதுவும் கிடையாது.

கார்டின் ஹாட்ஸ்பாட் மட்டும் தனியாக ஏறுகிறது

ஜிபியுவுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 25, 30 என்று விரிந்தால் கார்டின் பேஸ்ட் நகர்ந்திருக்கிறது, காற்றோட்டத்தால் அது தீராது. இரண்டும் சேர்ந்தே ஏறினால்தான் காற்று. கார்டின் ஃபேன் மெஷ் பேனலை ஒட்டி இருப்பது கெடுதலில்லை, நேராக வெளிக்காற்றை எடுக்கும். கண்ணாடி பேனலை ஒட்டி இருந்தால்தான் மூச்சுத் திணறும். அந்தக் கண்ணாடியை விற்றுவிட்டு மெஷ் பேனல் போடுங்கள்.

பக்க பேனலைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது

இது அறிகுறியும் சோதனையும் சேர்ந்தது. அதே லோடில், பேனலைக் கழற்றி மீண்டும் 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மூன்று டிகிரி வரை இறங்கினால் பேனல் சாதாரணமாகத்தான் தடுக்கிறது, விட்டுவிடலாம். எட்டு, பத்து என்று இறங்கினால் மெஷ் அல்லது வடிகட்டி அடைக்கிறது. முதலில் வடிகட்டியை மட்டும் எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். நெருக்கமான நைலான் வலை, காந்தத்தில் ஒட்டும் வகை, பார்க்க அழகாக இருக்கும். ஃபேனின் உழைப்பில் பெரும்பகுதி அதைத் தாண்டுவதிலேயே போய்விடும்.

சில நேரம் பேனலைக் கழற்றினால் சூடு கூடும். பேனல்தான் காற்றைச் சரியான இடத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது என்று பொருள். அப்போது பேனலைக் குறை சொல்லாமல் மாட்டிவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

சத்தம்

சத்தத்துக்கு மூன்று வகை, மூன்றுக்கும் வேறு வேறு மருந்து.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளையிடுவது: ஃபேனின் இழுக்கும் பக்கம் துளையிட்ட பேனலோடு ஒட்டி நிற்கிறது. இறக்கை ஒவ்வொரு துளையைத் தாண்டும்போதும் காற்று வெட்டுப்படுகிறது. நடுவே 5 முதல் 10 மி.மீ. இடைவெளி கொடுத்தாலே அடங்கும். இடமில்லையென்றால் ஃபேனை ரேடியேட்டரின் மறுபக்கத்துக்கு மாற்றி, இழுக்கும் அமைப்பாக வையுங்கள்.

நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் உறுமல்: ஃபேன் கர்வ் சிபியு வெப்பநிலையைப் பார்த்து ஓடுகிறது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே சிபியு 20 டிகிரி குதிக்கும், தண்ணீர் அசையாது. ஃபேன் பின்தொடர வேண்டியது தண்ணீரை. தண்ணீர் சென்சார் உள்ள ஏஐஓ என்றால் கர்வை அதற்கு மாற்றுங்கள். ரிவ்யூவில் வரும் கர்வ்களை அப்படியே எடுக்காதீர்கள். 30 டிகிரியிலேயே வேகத்தைக் கூட்டத் தொடங்குபவை இங்கே கணினி சும்மா இருக்கும்போதே கத்தும், ஏனென்றால் நம் அறையே 30. தண்ணீர் 38 வரை 40 சதவீதம், 42இல் 55, 46இல் 75, 50இல் முழு வேகம் என்று வைத்துப் பாருங்கள். இரவில் ஏர்கான் போட்டால் தானாகவே அமைதியாகிவிடும். தண்ணீர் சென்சார் இல்லையென்றால் பயாஸில் வேகம் கூடும் நேரத்தையும் குறையும் நேரத்தையும் முடிந்தவரை நீட்டிவிடுங்கள்.

களகளவென்ற தண்ணீர்ச் சத்தம்: பம்பில் காற்றுக் குமிழி. ஏஐஓவுக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று உண்டு, அது போய்த் தங்குவது அமைப்பின் உச்சியில். அந்த உச்சி ரேடியேட்டராக இருக்க வேண்டும், பம்பாக இருக்கக் கூடாது. கேஸின் அடியில் ரேடியேட்டரைப் படுக்க வைத்தால் பம்ப் மேலே வந்துவிடும். சத்தத்தோடு பம்பின் ஆயுளும் குறையும். பக்கவாட்டில் நிமிர்த்தி மாட்டினால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும், ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்கட்டும். இடத்தை மாற்றிய பிறகும் சத்தம் இருந்தால் பம்பை ஓடவிட்டுக் கேஸை மெதுவாக இரு பக்கமும் சாய்த்து, குமிழியை ரேடியேட்டருக்கு அனுப்புங்கள்.

எஸ்எஸ்டியும் விஆர்எம்மும் சூடு

காற்றுக் கூலர் இருந்தவரை அதன் ஃபேன் போகிற போக்கில் விஆர்எம், ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றின் மேலும் ஊதிக்கொண்டிருந்தது. பம்ப் பிளாக் யார் மேலும் ஊதாது. ஏஐஓவுக்கு மாறியதும் சிபியு குளிர்ந்து, எஸ்எஸ்டி 80ஐத் தொடுவது இதனால்தான்.

ஐடிஎக்ஸ் போர்டின் பின்புறம் இருக்கும் இரண்டாவது எம்.2 இடம் (எஸ்எஸ்டி சொருகும் இடம்) மிக மோசம். தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் காற்றே கிடையாது. இடைவெளியை அளந்து அதற்கேற்ற பருமனில் தெர்மல் பேடை வைத்து எஸ்எஸ்டியின் சூட்டைக் கேஸ் தகட்டுக்குக் கடத்திவிடுங்கள். பேட் பருமன் கூடினால் எஸ்எஸ்டி வளையும், 0.5 மி.மீ.க்கு மேல் நசுங்கவிடாதீர்கள். முன்பக்க எஸ்எஸ்டிக்கும் விஆர்எம்முக்கும் ஒரு 92 மி.மீ. ஃபேனை மெதுவாக ஓடவிட்டாலே போதும்.

கேம் நடுவே கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது

வெப்பநிலை எல்லாம் சரியாக இருந்தும் அணைந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். சின்ன கேஸுக்கான எஸ்எஃப்எக்ஸ் அளவு பவர் சப்ளை பெட்டி 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம், 63.5 மி.மீ. உயரம்தான். அதன் சின்ன ஃபேன் கேஸுக்குள் நோக்கியிருந்தால் கார்டின் சூட்டைக் குடிக்கும். மெஷ் உள்ள பக்கம் நோக்கித் திருப்புங்கள். வயர்க் கட்டு அதன் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், சின்ன கேஸில் மிஞ்சிய வயரெல்லாம் அங்கேதான் திணிக்கப்படும்.

வாங்கியபோது சரியாக இருந்தது, ஆறு மாதத்தில் ஏறிவிட்டது

பழைய குறிப்பு இப்போது கைகொடுக்கும். அதே வாட், அதே ஃபேன் வேகம், அறையோடு ஒப்பிட்ட வித்தியாசம் மட்டும் ஐந்தாறு டிகிரி கூடியிருந்தால் தூசி.

வடிகட்டி சுத்தமாகத் தெரிந்தால் ஏமாற வேண்டாம். தூசி தங்குவது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், துடுப்பின் முகத்தில். ஃபேனைக் கழற்றாமல் அது தெரியாது. சாமி அறையும் கணினியும் ஒரே ஹாலில் இருந்தால் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும், சமையலறை திறந்தபடி இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தூசியைப் பசையாக்கிவிடும். அது ஊதினால் போகாது. புகைமூட்டம் வரும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாலும் வடிகட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

ஃபேனுக்கு நான்கு ஸ்க்ரூ. கழற்றி, ரேடியேட்டரைக் காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் புளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுழலவிட்டால் பேரிங் தேயும். பிசுக்கு ஒட்டியிருந்தால் மென்மையான பெயின்ட் பிரஷ், துடுப்பின் நெடுக்கில் மட்டும். குறுக்கே தேய்த்தால் துடுப்பு மடங்கும். மாட்டும்போது வேறு நீள ஸ்க்ரூவைப் போட்டுவிடாதீர்கள். நீளம் கூடிய ஸ்க்ரூ நேராகத் தண்ணீர்க் குழாயைத் துளைத்துவிடும்.

சுத்தம் செய்தும் மாறவில்லை, ஏஐஓவுக்கு நான்கைந்து வயது, களகளச் சத்தமும் புதிதாகக் கேட்கிறது என்றால் ரப்பர் வழியே தண்ணீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகியிருக்கிறது. பல ஏஐஓக்களுக்கு 5, 6 ஆண்டு உத்தரவாதம் உண்டு. ரசீதைத் தேடி எடுத்துவிட்டு சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதிக்குக் கிளம்புங்கள்.

கேஸுக்குள் ஈரம்

உடனே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். 30 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 25 டிகிரித் தகட்டில் பட்டாலே பனிக்கும். இரவு முழுக்க ஏர்கானை 21இல் வைத்து, காலையில் அதை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால், அணைந்து கிடக்கும் கணினியின் தகட்டிலும் ரேடியேட்டரிலும் ஈரம் படியலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஏஐஓவில் இது நடக்காது, அதன் தண்ணீர் அறையைவிடக் குளிராகப் போவதில்லை. இப்படிப் பனித்திருந்தால் ஒரு மணி நேரம் பேனலைத் திறந்து காயவிட்ட பிறகு ஆன் செய்யுங்கள்.

ஈரம் எல்லா இடத்திலும் சமமாகப் படிந்திருந்தால் பனி. ஒரே இடத்தில், குழாய் மூட்டிலோ பம்பின் அடியிலோ கார்டின் பின்தகட்டிலோ மட்டும் இருந்தால் கசிவு. சுவர் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்குங்கள். வெள்ளை டிஷ்யூவை மூட்டில் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். வெறும் பனி என்றால் தாள் காய்ந்து பழையபடி ஆகிவிடும். கூலன்ட் என்றால் பிசுபிசுப்போ நிறமோ தாளில் தங்கும். அந்த ஏஐஓவை இறுக்கி ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் அப்படியே கழற்றிவிடுங்கள். கார்டையும் கழற்றி, பின்தகட்டின் ஓரங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே மறுபடி மாட்டுங்கள்.